யூரியா லைனை வெட்டச் சொல்லி வருகிறவர்களுக்கு

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்து லாரி உரிமையாளர்களே, ஓட்டுநர்களே, பட்டறைத் தோழர்களே,

உங்களில் பலருக்கு என் முகம் தெரியாவிட்டாலும் என் கைவேலை தெரியும். முப்பத்தைந்து வருடமாக டீசல் பம்பும் நாசிலும் பார்த்து வருகிறேன். உங்கள் அப்பா ஓட்டிய வண்டியின் பம்பை நான் கழற்றி மாட்டியிருப்பேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு என்மேல் கோபம் வரலாம். வந்தாலும் முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

போன மாதம் மட்டும் ஆறு பேர் என் பட்டறைக்கு வந்து ஒரே வேலையைக் கேட்டார்கள். "யூரியாவைக் கட் பண்ணிக் குடுங்கண்ணா." நான் முடியாது என்றேன். ஆறு பேரும் முகம் சுண்டித் திரும்பினார்கள். அவர்களில் நாலு பேராவது வேறு பட்டறையில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிக்கொண்டிருப்பார்கள். புகையில் யூரியா ஒழுங்காகத் தெளிக்கப்படுகிறது என்று எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லும் பெட்டி அது. மாட்டிய பிறகு யூரியா டேங்க் காய்ந்து கிடந்தாலும் டேஷ்போர்டில் விளக்கு எரியாது. வண்டி இழுவையும் குறையாது. மாட்டியவர் சொல்லி அனுப்பும் வாக்கு, "மைலேஜும் கூடும் பாருங்க."

இந்த வாக்குக்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இதை நம்பித்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள்.

உங்கள் கஷ்டம் தெரியாமல் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். என் மகனும் புதிய புகைச் சட்டப்படி வந்த ஒரு பி.எஸ்.6 வண்டி வைத்திருக்கிறான். பத்துச் சக்கரம். வாங்கிப் பதினோராவது மாதம் சைலன்சரில் புகையை அளக்கும் நாக்ஸ் சென்சார் போய்விட்டது. சுமையோடு நின்ற வண்டியை விற்பனை நிலையத்துக்கு இழுத்துப் போனோம். பன்னிரண்டு நாள் அங்கேயே நின்றது. பார்ட்ஸ் இல்லை என்றார்கள். பிறகு, நாங்கள் ஊற்றிய யூரியா சரியில்லை, வாரண்டி வராது என்றார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. தவணை மட்டும் தேதி தவறாமல் போனது. அந்தப் பன்னிரண்டு நாளும் என் மகன் என் முகத்தைப் பார்த்துச் சாப்பிடவில்லை. "உங்களுக்குத் தெரியாத வேலையா அப்பா, வெட்டி விட்டுருங்க" என்றுகூடச் சொன்னான். வெட்டத் தெரியும். வெட்டவில்லை. காரணத்தைச் சொல்ல என் பழைய காலத்துக்கு ஒருமுறை போக வேண்டும்.

தொண்ணூறுகளில் எங்கள் பட்டறைக்குப் பெயர் வந்ததே மைலேஜால்தான். லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் கொடுக்கிற வண்டியை மூன்றே முக்கால் கொடுக்க வைப்பார் என்று தேடி வந்தார்கள். அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. நாசில் பிரஷரைச் சரிபார்ப்பேன். பிறகு பம்பின் போல்டுகளைத் தளர்த்தி, பம்பையே ஒரு நூல் அளவு திருப்பி வைப்பேன். டைமிங் முன்னே போகும். பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்குச் சற்று முன்னாலேயே டீசல் உள்ளே பாயும். எரிவது முழுமையாக இருக்கும், சூடு உச்சத்துக்குப் போகும், அந்தச் சூட்டிலிருந்து வேலையும் கூடுதலாகக் கிடைக்கும். எஞ்சின் கொஞ்சம் கடகடக்கும், அவ்வளவுதான். கரும்புகையும் குறையும். மைலேஜ் ஏறியது, புகை குறைந்தது. இதைவிடச் சுத்தமான வேலை உண்டா என்று நானே நம்பியிருந்தேன்.

கண்ணுக்குத் தெரிந்த புகை குறைந்தது. தெரியாத புகை கூடியது. காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன்தான். சாதாரணச் சூட்டில் அது யார் வம்புக்கும் போகாது. எஞ்சினுக்குள் சூடு உச்சத்துக்கு ஏறும்போது ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடாக மாறுகிறது. பட்டறையில் நாம் நாக்ஸ் என்கிறோமே, அதுதான். சைலன்சரை விட்டு வரும்போது அதில் பெரும்பகுதிக்கு நிறமே கிடையாது. எரிவது எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவுக்கு இது பிறக்கும். சூட்டைத் தணித்தால் நாக்ஸ் குறையும், ஆனால் கரி கூடும், மைலேஜ் விழும். டீசல் எஞ்சினின் ஆதிச் சிக்கல் இது. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் பிதுங்கும்.

இந்த இடத்தில் நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். சட்டம் இறுகினால் மைலேஜ் விழும் என்பது ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது. நாக்ஸைக் குறைக்க எஞ்சின் கம்பெனிகளுக்கு அப்போது இரண்டு வழிகள்தான். ஒன்று, நான் முன்னே தள்ளிய டைமிங்கைப் பின்னே இழுப்பது. இன்னொன்று, ஈ.ஜி.ஆர். போட்டு, எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விட்டுச் சூட்டைத் தணிப்பது. இரண்டுமே டீசலைக் கூடுதலாகக் குடிக்க வைக்கும். எஞ்சினுக்குள்ளேயே நாக்ஸைக் கொல்லச் சொன்னால் மைலேஜ்தான் பலியாகும்.

யூரியா வந்தது இந்தச் சிக்கலை அவிழ்க்க. நீங்கள் இதுவரை யாரிடமும் கேட்டிருக்காத செய்தி இதுவாக இருக்கலாம், அதனால் நிதானமாகப் படியுங்கள். எஞ்சினுக்குள் சூடு உச்சத்துக்குப் போகட்டும், டீசல் நன்றாக எரியட்டும், நாக்ஸ் பிறக்கட்டும், அதை வெளியே வரும் வழியில் சைலன்சருக்குள் பிடித்துக்கொள்வோம் என்று கணக்குப் போட்டார்கள். யூரியாக் கரைசலைப் புகையில் தெளித்தால் அந்தச் சூட்டில் அது அம்மோனியாவாக மாறுகிறது. அம்மோனியாவும் நாக்ஸும் உள்ளே இருக்கும் கேட்டலிஸ்ட் மேல் சேரும்போது மிஞ்சுவது வெறும் நைட்ரஜனும் தண்ணீரும். நாக்ஸில் பத்தில் ஒன்பது பங்கு இப்படியே கரைந்துவிடும். வெளியே பிடிக்க ஆள் இருப்பதால் எஞ்சினை மைலேஜுக்காக டியூன் செய்யும் சுதந்திரம் கம்பெனிக்குக் கிடைத்தது. அன்று நான் திருப்பி வைத்த அந்த நூல் அளவு டைமிங்கை இன்று கம்பெனியே உங்களுக்குக் கொடுக்கிறது, யூரியாவை நம்பி.

அப்படிப்பட்ட வண்டியில் யூரியாவை நிறுத்தினால் மைலேஜ் எங்கிருந்து கூடும்? தெளிப்பதை நிறுத்துவதால் ஒரு சொட்டு டீசலும் மிஞ்சாது. மிஞ்சுவது யூரியாக் காசு மட்டுமே. ஆனால் எஞ்சின் அதே உச்சச் சூட்டில்தான் எரிந்துகொண்டிருக்கும். பிறக்கும் நாக்ஸ் முழுவதும் அப்படியே வெளியே போகும். பழைய பி.எஸ்.3 எஞ்சினை அடக்கி வைத்தாவது டியூன் செய்திருந்தார்கள். யூரியா வெட்டிய புது வண்டி அதைவிட மோசமாகவும் கக்கக்கூடும். லட்சக்கணக்கில் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய சுத்தமான எஞ்சினை, ஒரு பெட்டியை மாட்டி, நம் அப்பன் காலத்து வண்டியைவிடக் கேடாக மாற்றுகிறோம்.

எண்களைப் போட்டுக் காட்டுகிறேன். எஞ்சின் செய்யும் வேலையையும் கரண்டு பில் போல யூனிட்டில்தான் எண்ணுகிறார்கள். ஒரு யூனிட் வேலைக்கு பி.எஸ்.3 பெரிய வண்டி 5 கிராம் நாக்ஸ் வரை விடலாம். பி.எஸ்.4இல் 3.5 கிராம். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ்.6இல் 0.46 கிராம். நூறு லிட்டர் டீசலில் ஒரு நல்ல எஞ்சின் ஏறத்தாழ 400 யூனிட் வேலை எடுக்கும். அப்படியென்றால் ஒழுங்காக ஓடும் பி.எஸ்.6 வண்டி நூறு லிட்டருக்கு 200 கிராமுக்கும் குறைவாகவே விட வேண்டும். பெட்டி மாட்டி பி.எஸ்.3 நிலைக்குப் போனால் 2 கிலோ. மாதம் பத்தாயிரம் கிலோமீட்டர், லிட்டருக்கு நாலு என்று ஓடும் வண்டி 2,500 லிட்டர் குடிக்கும். நாலரைக் கிலோவில் நிற்க வேண்டிய விஷம் ஐம்பது கிலோ ஆகிறது. ஒரே வண்டியில், ஒரே மாதத்தில். ஒரு மூட்டை சிமெண்டின் எடை.

இனி உங்கள் பக்கத்துக் கணக்கு. அந்த 2,500 லிட்டர் டீசலுக்கு நூற்றுக்கு நாலைந்து லிட்டர் வீதம் 100 முதல் 125 லிட்டர் யூரியா ஆகும். இப்போது அதே வண்டியின் மைலேஜை நாலிலிருந்து நாலே கால்கூட வேண்டாம், 4.2 ஆக்குங்கள். டீசல் 2,381 லிட்டராகக் குறையும். மிச்சம் 119 லிட்டர். செலவான யூரியாவும் மிச்சமான டீசலும் லிட்டர் கணக்கில் ஏறக்குறைய சமம். யூரியா டீசலைவிட விலை குறைவு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. யூரியாச் செலவு முழுவதும் அடைந்து, மேலே கையிலும் காசு நிற்கும்.

அந்த 0.2 எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். டயரில் காற்று. பத்து டயரில் இரண்டு தளர்ந்திருந்தாலும் வண்டி டீசலைத் தின்னும். எத்தனை பேர் வாரம் ஒருமுறை கேஜ் வைத்துப் பார்க்கிறீர்கள்? வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அறுபதுக்கும் எண்பதுக்கும் நடுவே அது ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. நேரத்துக்குச் சரக்கு சேர வேண்டும் என்று ஓட்டுநரை விரட்டும் ஒவ்வொரு போன் காலும் டீசலில் கழிகிறது. கேபினுக்கு மேல் டிஃப்ளெக்டர், சுமைமேல் இறுக்கிக் கட்டிய தார்ப்பாய், வீல் அலைன்மென்ட், பிரேக் பிடித்துக்கொண்டே உருளாத டிரம், அடைத்துப்போகாத ஏர் ஃபில்டர். லோடு ஏற்றக் காத்திருக்கும்போது எஞ்சினை அணைக்காமல் விடும் பழக்கம் இன்னொன்று. அதில் டீசல் மட்டும் வீணாவதில்லை. சும்மா ஓடும் எஞ்சினின் புகைக்கு சூடு போதாது. யூரியா சரியாக வேலை செய்யாமல் படிகமாக உறையும், சைலன்சரில் உள்ள ஃபில்டரில் கரி அடையும். பிறகு "பி.எஸ்.6 வண்டியே இப்படித்தான்" என்று திட்டுவோம்.

டி.பி.எஃப். பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன். கரியைப் பிடிக்கும் அந்த ஃபில்டர் புகைக்குக் கொஞ்சம் தடைதான். அடைந்த கரியை எரிக்க அவ்வப்போது கூடுதல் டீசலும் செலவாகும். நூற்றுக்கு ஒன்றிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், பராமரிக்காத வண்டியில் அதைவிடக் கூடும். அதை அறுத்து எறிந்தால் அந்த ஒன்றிரண்டு உங்களுக்கு மிஞ்சும் என்பது உண்மை. அதற்குப் பதிலாக வெளியே போவது என்ன? டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் உறுதியாக அறிவித்தது. சந்தேகம், வாய்ப்பு என்ற பட்டியலில் இல்லை, நிச்சயம் என்ற பட்டியலில் வைத்தது. ஈ.ஜி.ஆரை அடைத்தாலும் இதே கதைதான். மைலேஜ் ஒரு சொட்டு கூடும், நாக்ஸ் குடம் குடமாகக் கூடும்.

யார் அதைக் குடிக்கிறார்கள் என்று யோசியுங்கள். டோல்கேட் வேலையில் எட்டு மணி நேரம் நிற்கும் பெண்பிள்ளைகள். பைபாஸ் ஓரத்துப் பள்ளிக்கூடம். அவர்களுக்கு முன்னால் நம் ஆட்கள். வரிசையில் முன்னால் நிற்கும் வண்டியின் சைலன்சருக்குப் பின்னால் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நம் ஓட்டுநர். வெயிலுக்கு வண்டியடியில் துண்டை விரித்துப் படுப்பது நம் கிளீனர். பட்டறையில் கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ரேஸ் செய்து பார்ப்பது நான். என்னோடு தொழில் கற்றவர்களில் எத்தனை பேர் இப்போது மாடிப்படி ஏற மூச்சு வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். பீடியும் காரணமாக இருக்கலாம், தூசியும் இருக்கலாம். புகைக்கு அதில் பங்கே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெளியே போன நாக்ஸ் அதோடு முடிவதும் இல்லை. வெயில் பட்டால் ஓசோன் ஆகிறது, மூச்சுக்குழாயை அரிக்கும் ஓசோன். காற்றில் மற்றவற்றோடு சேர்ந்து நுண்துகளாகவும் மாறுகிறது. நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமா?

"புகைச் சான்றிதழ் வாங்கித்தானே ஓட்டுறோம், பாஸ் ஆகுதே" என்று ஒருவர் கேட்டார். சரியான கேள்வி. டீசல் வண்டியைப் புகைச் சோதனைக்கு விட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லி, புகை எவ்வளவு அடர்த்தி என்று மட்டும்தான் ஒளியை வைத்து அளக்கிறார்கள். நாக்ஸை அந்தக் கருவி பார்ப்பதே இல்லை. யூரியா டேங்க் காலியாக இருக்கும் வண்டியும் அதில் கம்பீரமாகப் பாஸ் ஆகும். தொண்ணூறுகளில் என் கண் என்னை ஏமாற்றியது போலவே இன்று அந்தச் சான்றிதழ் உங்களை ஏமாற்றுகிறது.

சோதனையில் பாஸ் ஆகிவிட்டுச் சாலையில் கக்கும் இந்தத் தந்திரத்தைப் பெரிய கம்பெனிகளே செய்து மாட்டிக்கொண்டிருக்கின்றன. கேட்டர்பில்லர், கம்மின்ஸ், டெட்ராய்ட் டீசல், மேக், நேவிஸ்டார், ரெனோ, வோல்வோ என்று ஏழு எஞ்சின் கம்பெனிகள் மீது அமெரிக்க அரசு 1998இல் ஒரு குற்றச்சாட்டு வைத்தது. சோதனைச்சாலையில் ஒழுங்காக இருக்கும் எஞ்சின், நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடத் தொடங்கியதும் கம்ப்யூட்டர் டைமிங்கை முன்னே தள்ளிவிடும். நான் பம்பைத் திருப்பியது போலவே, மைலேஜுக்காக. நாக்ஸ் வரம்பைத் தாண்டிப் போகும். அப்படிப்பட்ட எஞ்சின்கள் 13 லட்சம். சமரசத்தில் அபராதம் மட்டும் 8 கோடியே 34 லட்சம் டாலர். மற்ற செலவுகளையும் சேர்த்தால் 100 கோடி டாலர் அளவு. 2015இல் ஃபோக்ஸ்வேகன் கார்கள் பிடிபட்ட கதையை நீங்கள் பேப்பரில் படித்திருப்பீர்கள். சாலையில் நாக்ஸ் வரம்பைப்போல 40 மடங்கு வரை. அவர்கள் சாஃப்ட்வேரில் எழுதிவைத்த பொய்யைத்தான் நம் ஊரில் பெட்டிக்குள் வைத்து விற்கிறார்கள். அங்கே கம்பெனி மாட்டியது. இங்கே மாட்டப்போவது வண்டிக்காரர். வண்டியில் அனுமதியில்லாத மாற்றம் செய்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி உரிமையாளர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அதே அமெரிக்காவில் நடந்த இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது, அது நமக்கு நம்பிக்கை தரும் கதை என்பதால். 1970இல் அங்கே கார் புகைக்குக் கடுமையான சட்டம் வந்தது. கம்பெனிகள் அவசரத்தில் எஞ்சினைப் பிடித்து அடக்கின. 1973, 74 மாடல்களில் மைலேஜ் சரிந்தது. அதே சமயம் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. புகைச் சட்டத்தால்தான் இந்தக் கேடு என்று கூச்சல். ஆனால் 1975 மாடல் கார்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்தது. புகையை வெளியே சுத்தம் செய்துகொள்ளலாம் என்றானதும் எஞ்சினை மறுபடி மைலேஜுக்காக டியூன் செய்தார்கள். சட்டம் இன்னும் இறுகிய வருடத்தில் மைலேஜ் ஏறியது. அந்தக் கன்வெர்ட்டருக்கு ஈயம் கலக்காத பெட்ரோல் தேவைப்பட்டது. நமக்குக் கந்தகம் போன டீசல் தேவைப்பட்டது: பி.எஸ்.3 காலத்தில் பத்து லட்சத்தில் 350 பங்காக இருந்த கந்தகம் பி.எஸ்.4இல் 50, இன்று 10. சுத்திகரிப்பு ஆலைகளில் கோடி கோடியாகக் கொட்டி அந்த டீசலைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதற்கான காசை நாம் பெட்ரோல் பங்கில் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். கொடுத்துவிட்டு, அதனால் கிடைக்கும் நன்மையை நாமே அறுத்துப் போடுகிறோம்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். "மைலேஜ் நல்லா இருந்தா வண்டி சுத்தம்னுதானேங்க அர்த்தம்" என்று என் தம்பி மகனே கேட்டான். பாதி சரி. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.6 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். அதை எந்த ஃபில்டரும் தடுக்காது. குறைய வேண்டும் என்றால் டீசலைக் குறைத்து எரிக்க வேண்டும், அவ்வளவுதான். பூமி சூடாவதற்கு மைலேஜ் மருந்து. மூச்சுக்கு யூரியாவும் ஃபில்டரும் மருந்து. ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது. அரசே இரண்டையும் இரண்டு அமைச்சகத்தில் வைத்திருக்கிறது. புகை வரம்பு போக்குவரத்து அமைச்சகம். எரிபொருள் சிக்கனம் மின்சார அமைச்சகம். கார்களுக்கு 2017 முதல் சிக்கன வரம்பு உண்டு. 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கும் 2017 ஆகஸ்டில் அறிவிக்கை வந்தது, 40, 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி அளக்கும்படி. ஆனால் என் மகன் வண்டி வாங்கியபோது, இந்த மாடல் அந்தச் சோதனையில் இத்தனை லிட்டர் குடித்தது என்று யாரும் ஒரு தாளை எடுத்து நீட்டவில்லை. ஃப்ரிட்ஜ் வாங்கினால் நட்சத்திரம் ஒட்டியிருக்கிறது. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கும் லாரிக்கு சேல்ஸ்மேனின் வாய்தான் ஸ்டிக்கர்.

நம் கோபம் போக வேண்டிய இடம் அது. சென்சார் போனால் பன்னிரண்டு நாள் நிற்க வைத்தவர்களிடம் போக வேண்டும். பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரைத் தங்களுக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொண்டு, வெளிப்பட்டறையில் கைவைத்தால் வாரண்டி போச்சு என்று மிரட்டுகிறவர்களிடம் போக வேண்டும். கழனிக்குப் போடும், வேப்பெண்ணெய் பூசிய உர யூரியாவைத் தண்ணீரில் கரைத்து கேனில் அடைத்து விற்கிறவர்களிடம் போக வேண்டும். வண்டிக்கு வேண்டியது சுத்தமான யூரியா 32.5 சதவீதம், மீதி உப்பு நீக்கிய தண்ணீர். உர யூரியாவில் இருக்கும் அழுக்கு கேட்டலிஸ்டைக் கொல்லும், இன்ஜெக்டரை அடைக்கும். பத்து ரூபாய் மிச்சம் பார்த்து ஊற்றி, சென்சார் போய், கோபத்தில் லைனையே வெட்டிய வண்டிகளை நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். இவர்கள் மேல் போக வேண்டிய கோபத்தைத் தூக்கி, டோல்கேட்டில் நிற்கும் பெண்பிள்ளையின் மூக்கில் விடுகிறோம்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன்.

உரிமையாளர்களே, பெட்டி மாட்டியிருந்தால் அடுத்த எஃப்.சி. தகுதிச் சான்று வரை காத்திராமல் கழற்றுங்கள். யூரியாவை பில் கொடுக்கிற இடத்தில் மட்டும் வாங்குங்கள். பில்லையும் வாங்கும்போது எடுத்த கேன் படத்தையும் பத்திரமாக வையுங்கள். வாரண்டிச் சண்டைக்கு அதுதான் சாட்சி. ஓட்டுநருக்கு மைலேஜ் பேட்டா கொடுக்கிறீர்கள் அல்லவா, அதோடு டயர் காற்றுக்கும் எஞ்சின் அணைப்பதற்கும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள்.

பட்டறைத் தோழர்களே, உங்களிடம் கேட்பதற்கு எனக்கு வாய் கொஞ்சம் தயங்குகிறது. ஒரு பெட்டி மாட்டினால் ஒரு நாளில் கிடைப்பது, நாசில் வேலையில் ஒரு வாரம் குனிந்தாலும் கிடைக்காது என்று தெரியும். நானும் கடை வாடகை கட்டுகிறவன்தான். ஆனால் இதே யூரியா சிஸ்டத்தை ஒழுங்காகப் பார்க்கத் தெரிந்தவர் நம் வட்டாரத்தில் எத்தனை பேர்? டோசிங் பம்பு, இன்ஜெக்டர், டேங்க் சென்சார், டி.பி.எஃப். கழுவுதல் என்று இதற்குள்ளேயே ஒரு தொழில் காத்துக்கிடக்கிறது. பம்பு கடைகள் மூடிக்கொண்டு வரும் காலத்தில் நமக்கு அடுத்த பிழைப்பு அங்கேதான் இருக்கிறது. அதைக் கற்காமல் அறுத்து எறியக் கற்றால், நம் பிழைப்பையும் சேர்த்தே அறுக்கிறோம்.

சங்கப் பொறுப்பாளர்களே, சுங்கக் கட்டணத்துக்கும் டீசல் விலைக்கும் எதிராக வேலைநிறுத்தம் செய்து காட்டிய சங்கங்கள் நம்முடையவை. அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாக வையுங்கள். புகைக் கட்டுப்பாட்டு உறுப்புகளுக்கு நீண்ட வாரண்டி, பார்ட்ஸ் வராத நாளுக்கு நஷ்டஈடு, வெளிப்பட்டறைக்கும் ஸ்கேனர் விவரம், யூரியா விற்பனைக்குத் தரச் சோதனை, ஒவ்வொரு லாரி மாடலுக்கும் டீசல் செலவு எழுதிய தாள். இவற்றைக் கேளுங்கள். எஃப்.சி.யில் நாக்ஸையும் அளக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். ஒழுங்காக ஓட்டுகிறவர், வெட்டி ஓட்டுகிறவரோடு வாடகையில் போட்டி போட முடியாமல் நசுங்குவது அப்போதுதான் நிற்கும். "நாங்கள் வெட்ட மாட்டோம்" என்று முதலில் சொல்லிவிட்டுப் போனால், பேச்சுவார்த்தையில் எதிரில் உட்கார்ந்திருப்பவர்களால் நம்மைக் குற்றவாளி என்று தள்ளிவிட முடியாது.

என் மகனின் வண்டி இப்போது ஓடுகிறது, யூரியாவோடுதான். போன மாதம் 4.3 கொடுத்தது.

வெட்டிய லைனைத் திரும்பப் போட்டுக்கொள்ள நினைக்கிறவர்கள் என் பட்டறைக்கு வாருங்கள். உறுப்புகளின் விலை உங்களுடையது. கூலி வாங்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருப்பேன். யார் மாட்டியது, எப்போது மாட்டியது என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். கழற்றிய பெட்டியை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
சங்ககிரி பம்பு கடைக்காரன்